விருந்தாளிக் காய்

இல்லை, உப்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. குறை சொல்லவில்லை. கத்தரிக்காய் பறித்து மூன்று நாளாகிறது, அதை யாரோ ஈரச் சாக்கில் மூடி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதால் சொன்னேன். நீங்கள் சாப்பிடுங்கள். உங்களுக்குத் தெரியாது.

விட்ட இடத்துக்கே வருகிறேன். என் தம்பி மனைவியை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பக்கத்து அறையில் அவள் அழுவது இங்கே வரை கேட்கிறது, எனக்குத் தலை வலிக்கிறது. சுரைக்காய்ச் சாற்றை அரைத்தது அவள்தான், தம்ளரில் ஊற்றிக் கொடுத்ததும் அவள்தான். அதனால் அவளே புருஷனைக் கொன்றுவிட்டாள் என்று முடிவு கட்டுவது உங்களுக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவள் காய்கறித் தோட்டத்தில் பதினோரு வருடம் குடியிருந்தும் பறங்கிப் பூ எது, சுரைப் பூ எது என்று தெரியாதவள். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. அதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்? இந்தக் காரியத்தை அவள் பேரில் எழுதினால் எனக்குத்தான் அவமானம். அதற்காகத்தான் நானே ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

தட்டச்சு செய்யும் அம்மா மெதுவாகச் சொல்லச் சொல்கிறார். சரி, மெதுவாகவே சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தின் வரலாறு உங்கள் மேசைமேலேயே கிடக்கிறது, அந்தப் பச்சை அட்டைப் புத்தகம். தம்பி எழுதியது. முப்பத்திரண்டு பக்கம், அதில் பதினெட்டுப் பக்கத்தில் அவன் படம். வேலையாட்கள் அவனுக்குப் போஸ்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். கூடையைத் தூக்கச் சொன்னால் தூக்கமாட்டான், படம் எடுக்க ஆள் வந்தால் இரண்டு கூடை தூக்குவான்.

அந்தப் புத்தகத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தா காட்டை வெட்டித் திருத்தினார் என்று இருக்கும். அங்கே காடே இல்லை, நாணல்தான் இருந்தது. அவர் ஆற்றில் படகு தள்ளியவர். பாலம் கட்டினார்கள், படகுக்கு ஆள் வரவில்லை. வேறு எங்கே போவது என்று தெரியாமல் ஆறு ஒதுக்கிய வண்டல் மேட்டில் உட்கார்ந்துவிட்டார். படகோடு சேர்த்துக் கட்டிய சுரைக்குடுக்கைகள் சில அவரிடம் இருந்தன. கவிழ்ந்தால் பிடித்து மிதப்பதற்காக வைத்திருந்தவை. அவற்றை உடைத்து உள்ளே குலுங்கிய விதையை ஊன்றினார். எங்கள் நூற்றுப் பத்து வருடப் பெருமை அங்கே தொடங்குகிறது. மிதப்பதற்கு வைத்திருந்த காய் தின்பதற்கானதல்ல என்பது அந்தப் பெரிய மனிதருக்குத் தோன்றவில்லை. பிற்பாடு நல்ல விதை எங்கெங்கிருந்தோ வந்து கலந்தது. ஆனாலும் எங்கள் சுரையில் சில வருடத்துக்கு ஒருமுறை எங்காவது ஒரு கொடியில் பழைய கசப்பு தலை காட்டும். அது கசப்பு மட்டுமில்லை. விஷம்.

தாத்தா காலத்தில் அப்படி ஒரு காய் கூடையோடு சந்தைக்குப் போய்விட்டது. ஒரு வீடே படுத்துவிட்டது. ஒரு பருவம் முழுக்க எங்கள் காயை யாரும் தொடவில்லை. அதற்குப் பிறகு தாத்தா ஒரு ஏற்பாடு செய்தார். எங்கள் வீட்டு ஆண்கள் நான்கு தலைமுறையில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். ஒவ்வொரு கொடியிலும் முதல் காயைக் காம்புப் பக்கம் சீவி, ஒருவர் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் ‘சரி’ என்று ஒரு சொல். கசந்தால் ‘கசக்கிறது’ என்று சொல்லக் கூடாது. கூடைக்குப் பக்கத்திலேயே வாங்குபவர்கள் நிற்பார்கள், அந்தச் சொல் காதில் விழுந்தால் வியாபாரம் போச்சு. அதனால் “விருந்தாளி வந்திருக்கு” என்று சொல்ல வேண்டும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்தக் கொடி வேரோடு போய்விடும்.

அந்தச் சொல்லின் பொருள் எங்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். மருமகள்களுக்குச் சொல்ல மாட்டார்கள், பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். என் அம்மா முப்பத்தாறு வருடம் அந்தச் சமையலறையில் இருந்தாள். விருந்தாளி என்று காதில் விழுந்தால் போதும், கூடத்தைப் பெருக்கிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு, வாசலைப் பார்த்து நிற்பாள். யாரும் வரமாட்டார்கள். தாத்தாவும் அப்பாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சாகும்வரை எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு உறவுக்காரர்கள் அதிகம், ஆனால் சொன்ன சொல் காப்பாற்றாதவர்கள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் நாக்கு புகையிலையில் செத்துப்போயிருந்தது. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. தாத்தா ஒரு பலகையில் ஐந்து துண்டு வைத்தார். நான் நான்காவதை வாயில் வைத்ததும் துப்பினேன். அவன் ஐந்தையும் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டான். நல்லவேளை, தாத்தா துண்டுகளைக் கண்ணாடி மாதிரி மெலிசாகச் சீவியிருந்தார். வாந்தியோடு போயிற்று.

அன்றைக்குத் தொடங்கி நாற்பத்தொரு வருடம். காய்ப்பு மாதங்களில் மிளகாய் தொடமாட்டேன், சூடாக எதுவும் குடிக்கமாட்டேன். என்னைப் பெண் கேட்டு இரண்டு இடம் வந்தது. இரண்டாவது வந்தவர்கள் நல்ல மனிதர்கள். நாக்கு இன்னொரு வீட்டுக்குப் போய்விடும் என்று அப்பா வேண்டாம் என்றார். நான் போய்விடுவேன் என்று அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? நாக்கு போய்விடும்.

இருபத்தேழாம் பக்கம் எடுங்கள். அடியிலிருந்து இரண்டாவது வரி. “மூத்த மகள் வீட்டு வேலைகளில் உதவியாக இருந்தார்.” அதற்கு எதிர்ப்பக்கத்தில், தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாக வந்த ருசி பார்க்கும் திறமை என்று எழுதி, அவன் கண்ணை மூடிக்கொண்டு காயைக் கடிக்கிற மாதிரி ஒரு படம். இதைப் படித்து நான் கொதித்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எழுதத் தெரியாதவன் எழுதினால் அப்படித்தான் வரும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படம் எடுத்தபோது அவனுக்கு உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று வருடம் முன்பு ஒரு காய்ச்சலில் ருசி போய்விட்டது, திரும்பி வரவில்லை. அவன் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. எட்டு நாள் அவனுக்கு மட்டும் உப்பே போடாமல் எடுத்து வைத்தேன். ஐந்தாம் நாள் தட்டை வழித்துவிட்டு, “இன்னைக்குப் பிரமாதம்க்கா” என்றான்.

அப்பா போன பிறகு தோட்டம் அவன் கைக்கு வந்தது. வாசலில் பெரிய பலகை வைத்தான். விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருவார்கள். கொள்ளுத்தாத்தா காட்டை வெட்டிய கதையைச் சொல்லி அழைத்துப்போவான். கடைசியில் எல்லோருக்கும் ஒரு தம்ளர் பச்சைச் சுரைக்காய்ச் சாறு. அவனும் அவர்களோடு குடித்து, கண்ணை மூடி, தலையை ஆட்டுவான். ஒரு விதைக் கம்பெனி அதைக் கேள்விப்பட்டு வந்தது. எங்கள் பழைய விதை அவர்களுக்கு வேண்டும், தோட்டம் அவர்கள் காட்சிக்கு வைக்கும் இடமாக இருக்கும், ஒரு பருவம் பார்த்துவிட்டுக் கையெழுத்து என்று பேச்சு.

போன கோடையில் ஒரு மத்தியானம், நான் விதை அறையில் சாம்பல் சலித்துக்கொண்டிருந்தேன். எட்டடிக்கு ஆறடி அறை, மூன்று பக்கமும் பலகை, பலகை நிறையப் போத்தல். நான் பிறந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அதுதான். படுப்பதும் அங்கேதான். தம்பி நிலைப்படியில் சாய்ந்து நின்று அளவெடுப்பது போலச் சுற்றிப் பார்த்தான்.

“இந்த ரூமை இடிச்சு கண்ணாடி வச்சிட்டா, வர்றவங்க உக்காந்து ஜூஸ் குடிக்கலாம்” என்றான். “உனக்கும் வயசாகுதுக்கா. டவுன்ல ஒரு இடம் பாத்திருக்கேன். லிஃப்ட் இருக்கு.”

“விதைய யாரு பாக்குறது?”

“கம்பெனி பாத்துக்கும். அவங்ககிட்ட மெஷின் இருக்கு. நாக்கெல்லாம் இனிமே எதுக்கு?”

நான் சரி என்றேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். வேலைக்காரிக்குக்கூட அவன் அப்படித் தட்டிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பின்வேலியில் விஷமாய்க் கசக்கும் பேய்ச்சுரை தானாக முளைக்கும். அதுவும் அந்தப் படகுக் குடுக்கைகளின் பிள்ளைதான். ஒவ்வொரு கோடையிலும் அதைப் பிடுங்குவது என் வேலை. அந்தக் கோடையில் பிடுங்கவில்லை. ஒரு களையைப் பிடுங்காமல் விட்டேன், அவ்வளவுதான். இதற்கு உங்கள் சட்டப் புத்தகத்தில் பிரிவு இருந்தால் தேடிப் பாருங்கள்.

சுரைப் பூ சாயங்காலம்தான் விரியும். விதைக்கு விடும் கொடியில், விரியப்போகிற பெண் பூவை மத்தியானமே நூலால் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி கண்ட மகரந்தத்தையும் கொண்டுவந்து போடும். பொழுது சாயும்போது கட்டை அவிழ்த்து, நம் கொடியின் ஆண் பூவைப் பறித்து உள்ளே தடவி, மறுபடி கட்ட வேண்டும். நிதானமான கை வேண்டும். தம்பிக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்தேன், பூவைப் பிய்த்துவிட்டான். அந்த வருடமும் நான் எல்லாவற்றையும் முறைப்படியே செய்தேன். ஆண் பூவை மட்டும் பின்வேலியிலிருந்து பறித்து வந்தேன். பதினாறு பூ.

அப்படிப் பிடித்த காய் கசக்காது. இது தெரியாதவர்கள்தான் அதிகம். காய் தாயைப் போலத்தான் இருக்கும், வாயில் வைத்தால் இனிக்கும். கசப்பு உள்ளே விதையில் அடுத்த பருவத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அந்தப் பதினாறு காயையும் தம்பி இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டான். கம்பெனிக்கு அனுப்பிய படம் அதுதான்.

சந்தைக்குப் போகும் கொடிகளுக்கு நான் பழைய போத்தல் விதையைத்தான் ஊன்றினேன். அந்த விஷயத்தில் நான் நியாயமானவள், முன்பின் தெரியாதவர்களிடம் எனக்கு என்ன பகை? புது விதையில் நான்கு மட்டும் கிணற்றடியில் போட்டேன். காய்த்தது. சீவி நாக்கில் வைத்தேன். நாற்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு கசப்பைப் பார்த்ததில்லை, நுனிநாக்கு மரத்துவிட்டது. கை சுத்தமாக வேலை செய்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

கம்பெனி ஆட்கள் கையெழுத்துக்கு வருகிற அன்று காலையில் அந்தக் காயைப் பறித்துச் சமையல் மேடையில் தனியாக வைத்தேன். தம்பி மனைவி வந்து பார்த்தாள்.

“அண்ணி, இது மட்டும் ஏன் தனியா இருக்கு?”

“அது விருந்தாளி” என்றேன்.

“ஓ, வர்றவங்களுக்கா. சரி அண்ணி, நல்ல காயா பாத்து எடுத்து வச்சிருக்கீங்க.”

நான் என்ன சொன்னேன் என்று நீங்களே பாருங்கள். எங்கள் வீட்டில் நூறு பேர் உயிரைக் காப்பாற்றிய சொல் அது. நான் அதைச் சொல்லிவிட்டேன், சத்தமாக, அவள் முகத்தைப் பார்த்து. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்காதவளை நான் எதற்குத் திருத்த வேண்டும்? அந்தக் குடும்பத்தில் நான் எச்சரிக்கை செய்தவள். இதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள், ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்.

பிறகு நடந்ததைக் கம்பெனி ஆட்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பை தூக்கிக்கொண்டு ஓர் ஆண், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண். கூடத்தில் நான்கு நாற்காலி, ஐந்தாவது எனக்கு, சுவர் ஓரமாக. தம்ளர்கள் வந்தன. தம்பி வழக்கம்போலக் கண்ணை மூடி ஒரு வாய் குடித்தான். அந்தப் பெண் உதட்டில் வைத்ததுமே கைக்குட்டையை எடுத்துத் துடைத்தாள். ஆணுக்குப் புரை ஏறிவிட்டது. மரியாதைக்காக இருவரும் ஒன்றும் பேசவில்லை. நாகரிகமானவர்கள், அதனால் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியாது, நாக்கு இருந்ததால் பிழைத்தார்கள்.

தம்பி அவர்கள் முகத்தைப் பார்த்தான். ஏதோ சரியில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்ன சரியில்லை என்று தெரிய வழியில்லை. மூன்று வருடமாக அவன் யாருக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தானோ அவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவன் என் பக்கம் திரும்பினான். சின்ன வயதில் வீட்டுக்கணக்குப் போடும்போது விடைக்காக என் முகத்தைப் பார்ப்பான், அதே பார்வை.

“அக்கா, நீ கொஞ்சம் பாரேன்.”

எழுந்து போய் அந்த ஆணின் தம்ளரை எடுத்தேன். ஒரு வாய் வாங்கி நாக்கில் நிறுத்தினேன். அவசரப்படவில்லை, நான் எப்போதும் அவசரப்பட்டதில்லை. துப்புவதற்கு எதிரே பாத்திரம் இல்லாததால் விழுங்கினேன். அதனால் எனக்கும் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். உங்கள் ஆட்கள் என்னைப் பாதிக்கப்பட்டவர் என்ற பட்டியலில் எழுதி, பழம் வாங்கிக் கொடுத்தார்கள். பழுக்காத பழம்.

தம்பி காத்துக்கொண்டிருந்தான். இரண்டு சொல்லில் ஒன்று. இரண்டும் அவனுக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும்.

“சரி” என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. பழைய விதை கொஞ்சம் காட்டமாகத்தான் இருக்கும், பழகினால் விடமாட்டீர்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத் தன் தம்ளரைக் காலி செய்தான். பிறகு அந்தப் பெண்ணுடையதையும் எடுத்துக் குடித்தான். நான் வைத்த மீதியையும் குடித்தான். யாரும் அவன் வாயைப் பிளந்து ஊற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்கள் இருவரையும் ஒரே வார்டில் போட்டார்கள், நடுவில் ஒரு பச்சைத் திரை. இரண்டாம் நாள் சாயங்காலம் அவனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. நர்ஸ் திரையை விலக்கிவிட்டுப் போயிருந்தாள்.

“ஏன்க்கா சரின்னு சொன்ன?”

“நீ ருசி பாத்துட்டுத்தான குடிச்ச?” என்றேன். “புத்தகத்துலயே போட்டிருக்கியே.”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்றாம் நாள் காலையில் முடிந்தது. அவன் கடைசிவரை தன் நாக்கைப் பற்றி மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு இந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டும்போதுதான் தெரியும். அழுகையை அப்போதாவது நிறுத்துகிறாளா பாருங்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பூவைச் சேர்த்தது நான். காயைப் பறித்தது நான். ‘சரி’ என்ற சொல்லும் நான் சொன்னதுதான். தம்பி மனைவி மிக்சியின் பொத்தானை அழுத்தினாள், அது அவளுக்குத் தெரிந்த ஒரே விவசாய வேலை.

மீதி விதை எங்கே என்றா கேட்கிறீர்கள்? நல்ல கேள்வி. இவ்வளவு நேரத்தில் நீங்கள் கேட்ட முதல் நல்ல கேள்வி. வருகிற ஆட்களுக்கெல்லாம் நினைவுப் பரிசாக ஒரு காகிதப் பொட்டலம் கொடுக்க வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. விதை பளபளவென்று பருமனாக இருக்கிறது என்று, புது விதை இருந்த முன்வரிசைப் போத்தலை எடுத்துக் கொட்டினான். அவனும் அவளும் இரண்டு வேலையாட்களும் உட்கார்ந்து பொட்டலம் மடித்தார்கள். நான் அதே அறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். அவன் என்னிடம் எந்தப் போத்தல் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான்கு மாதமாகக் கொடுத்தார்கள், இருநூறுக்கு மேல் இருக்கும். யார் யார் வாங்கிப்போனார்கள் என்று எந்த நோட்டிலும் இல்லை. நாக்கு உள்ளவர்களுக்கு ஒன்றும் ஆகாது, துப்பிவிடுவார்கள்.

தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டதே. என்னம்மா? தயங்காமல் சொல்லுங்கள்.

“எங்க மாடியில போட்டிருக்கேன். அந்தப் பொட்டலம்தான். ரெண்டு பிஞ்சு விட்டிருக்கு. மாமனாருக்குச் சாறு கொடுக்கலாம்னு...”

சார், நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? பிடுங்கிப் போடு என்று சொல்ல யாருக்கும் தெரியும். நடுவில் இரண்டு முறை பழைய போத்தலிலிருந்தும் பொட்டலம் கட்டினார்கள், அது நல்ல விதை, எங்கள் வீட்டிலேயே இனிமேல் கிடைக்காத விதை. எது எது என்று கொடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் ஆய்வுக்கூடம் பதில் அனுப்புவதற்குள் பிஞ்சு முற்றிவிடும். ஒருவர் நாக்கில் வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

அம்மா, நீங்கள் இங்கே பாருங்கள், அவரை விடுங்கள். இரண்டு பிஞ்சிலும் காம்புப் பக்கம் நகம் அளவுக்கு ஒரு சீவல் போதும். கத்தியை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள், தனித்தனி இலையில் சுற்றுங்கள். நான் நாளைக்குக் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் இருக்கிறேன். என் வாயிலிருந்து பொய் வராது. நாற்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான், அதுவும் கேட்டவன் லட்சணம் அப்படி. நீங்கள் அவனைப் போல இல்லை, நீங்கள் மரியாதையாகக் கேட்பீர்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் பறித்து, என்னிடம் கொண்டுவருகிறீர்களா?